பட்ட மரம் போல ஒரு நடிப்பு

நேயர்களுக்கு வணக்கம். ஓக் என்றதும் இங்கிலாந்தின் ஈரப் புல்வெளியில் குடை விரித்து நிற்கும் மரம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். இன்று நான் பேசப்போவது வெயிலிலேயே பிறந்து வளர்ந்த ஓக் ஒன்றைப் பற்றி. அதன் பெயர் நீல ஓக். கலிஃபோர்னியாவைத் தவிர வேறெங்கும் அது தானாக வளர்வதில்லை. மத்தியப் பள்ளத்தாக்கைச் சூழ்ந்த மலையடிவாரங்களே அதன் தாய்வீடு.

அங்கே மழை குளிர்காலத்தோடு சரி. கோடை முழுக்க வானம் கைவிட்டுவிடும். பாறை வெடிப்புகளில் நுழைந்து 20 மீட்டருக்கும் கீழே வேர் இறங்கும். மெழுகு படர்ந்த நீலச் சாயல் இலைகள் நீரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதுவும் போதாத ஆண்டில் நடுக்கோடையிலேயே இலைகளைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். பட்ட மரம் என்று கோடரியைத் தூக்கியவர் ஏமாந்தார். வசந்தத்தில் அது துளிர்த்துவிடும்.

நானூறு வயதைத் தாண்டிய மரங்களும் உண்டு. மழைக்கணக்கு அவற்றின் ஆண்டு வளையங்களில் பதிந்திருக்கிறது: நல்ல மழையென்றால் அகலம், வறண்டால் நூலிழை. இந்த வளையங்களையும் பழைய வறட்சிப் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்த ஆய்வாளர்கள், 2012 முதல் 2014 வரையிலான வறட்சியைப் போலக் கடுமையானது 1200 ஆண்டுகளில் இல்லை என்றார்கள்.

இந்தக் காட்டில் எனக்குப் பிடித்த குடித்தனக்காரர் ஒரு மரங்கொத்தி. காய்ந்த மரத்தில் ஆயிரக்கணக்கில் துளையிட்டு, துளைக்கு ஒரு ஓக் கொட்டையாக அடித்து இறுக்கிவைக்கும். கொட்டை உலர்ந்து சுருங்கித் தளர்ந்தால், பிடுங்கி அதற்கேற்ற சிறிய துளைக்கு மாற்றும். களஞ்சியம் காப்பதில் நம் வீட்டுப் பாட்டிகளே தோற்றார்கள். மீவோக் போன்ற பழங்குடியினரும் ஓக் கொட்டையை இடித்து, மாவின் துவர்ப்பு போகும்வரை நீர் விட்டு அலசிக் கஞ்சி காய்ச்சினார்கள்.

பெரிய மரங்கள் வறட்சியைச் சமாளிக்கின்றன. வாரிசுகள்தான் பல இடங்களில் தேறுவதில்லை. ஐரோப்பியக் குடியேற்றத்தோடு வந்த ஓராண்டுப் புற்கள், கன்று வேர்பிடிக்கும் முன்பே மேல்மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடுகின்றன. தப்பியதை மாடும் மானும் எலியும் கடிக்கின்றன. கடிபட்டுக் கடிபட்டு முழங்கால் உயரத்திலேயே நிற்கும் செடியைப் பார்த்து, போன வருடம் முளைத்தது என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குப் பத்து வயதுக்கு மேல் ஆகியிருக்கலாம்.