தேர் வடமும் இருபது முகப் பகடையும்

(மாவட்ட நூலகக் கூட்ட அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, முன்னிலை வகிக்கும் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, பின்வரிசையில் நின்றுகொண்டே கேட்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். கொட்டும் மழையிலும் குறித்த நேரத்துக்கு வந்து விளக்கேற்றிய அலுவலர் அவர்களுக்கு என் தனிப்பட்ட நன்றி. எனக்கு முன் பேசிய ஐயா பல்லாங்குழியைப் பற்றிச் சொன்னது நெஞ்சில் நிற்கிறது.

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை பேசி ஆடும் பாத்திர விளையாட்டைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: நடுவரின் சுமை, ஆடுவோரின் கடமை, ஆட்டத்துக்கான செலவைப் பகிர்வது. ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். மூன்றுக்கும் அதுவே அடிப்படை.

மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் அமர்கிறோம். ஒருவர் கதையின் உலகத்தை விரிக்கிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுகிறார்கள். ஐயம் வந்தால் பகடை தீர்ப்புச் சொல்கிறது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் இவ்வகை ஆட்டம் 1974இல் அமெரிக்காவின் லேக் ஜெனீவாவிலிருந்து வெளிவந்தது. ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு நூல்கள். முதல் பதிப்பு 1,000 பெட்டிகள். போர் விளையாட்டுகளின் வழி வந்ததால், கதை சொல்பவரை அந்நூல்கள் ‘நடுவர்’ என்றே அழைத்தன. பிற்காலத்தில் பெயர் கேம் மாஸ்டர் என்றெல்லாம் மாறியது. ஆனால் மேசையில் எந்தப் பிணக்கு வந்தாலும் அவர் முகத்தைப் பார்க்கும் பழக்கம் மட்டும் மாறவில்லை.

நான் நடுவராக இருக்கும் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். அறுபது வயது மருத்துவச்சியாக ஆடினாள் ஒரு கல்லூரி மாணவி. தன் பாத்திரத்தின் விவரங்களை எழுதிவைக்கும் தாளின் மூலையில் ஊன்றுகோலோடு ஒரு கிழவியை பென்சிலால் வரைந்திருந்தாள். அவள் வாய் திறக்கும்போதெல்லாம் எதிரே இருந்த இளைஞன், “நான் கதவை உடைக்கிறேன்” என்று பகடையை உருட்டிவிடுவான். மூன்று வாரம் இப்படியே போனது. ஒவ்வொரு வாரமும் ஆட்டம் முடிந்ததும் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரும்: “நீங்கள் சொல்லக் கூடாதா?” அத்தனை பேரும் என்னிடம் சொன்னார்கள், அவனிடம் ஒருவரும் சொல்லவில்லை. நானும் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். நான்காம் வாரம் அவள் வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை. அந்தத் தாள் இன்றும் என் கோப்பில் இருக்கிறது.

அடுத்த மாதம் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் பேசும்போது மீண்டும் அதே “கதவை உடைக்கிறேன்”. பகடை உருளும் முன், பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை அதன் மேல் தன் உள்ளங்கையை வைத்தார். “தம்பி, அவன் சொல்லி முடிக்கட்டும்.” அவ்வளவுதான். கதவை உடைக்கும் அந்த இளைஞன் முகம் சிவந்து, “மன்னியுங்கள், எனக்குத் தெரியவில்லை” என்றான். அவன் கெட்டவன் இல்லை. சொல்வார் இல்லாமல் இருந்தான்.

தேரோட்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வடம் பிடிப்பவர்கள் ஒருபுறம், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுபவர்கள் மறுபுறம். கட்டை போடாவிட்டால் தேர் திரும்பாது, நிற்கவும் நிற்காது. ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் என்பவர் பரப்பிய ‘எக்ஸ் அட்டை’ இப்படியொரு முட்டுக்கட்டைதான். எக்ஸ் குறியிட்ட அட்டை மேசை நடுவில் இருக்கும். மனம் நோகிற காட்சி வந்தால் யார் வேண்டுமானாலும் அதைத் தொடலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, கதை வேறு பக்கம் திரும்பும். அதைத் தொடும் உரிமை நடுவருக்கு எவ்வளவோ, நேற்று வந்த சிறுவனுக்கும் அவ்வளவே. ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். கட்டை போடவும் ஊர் வேண்டும்.

செலவைப் பற்றி இன்னொரு நாள் பேசுகிறேன். ஏனென்றால் நடுவரை மட்டும் பார்க்காமல் எல்லோரும் கட்டை போடும் இந்தப் பழக்கம் வருவதற்கு முதலில் ஒரு மேசை வேண்டும். வீட்டில் ஆடினால் வீட்டுக்காரர் பேச்சே எடுபடும். பொது இடத்தில்தான் எல்லோரும் சமம். இதே நூலகத்தின் மாடி அறை ஞாயிறு பிற்பகல்களில் பூட்டியே கிடக்கிறது. அலுவலர் அவர்களே, நான்கு மணி நேரம் அதைத் திறந்து தாருங்கள். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். கூட ஓர் இடம் வேண்டாமா? விண்ணப்பத்தாள் வாசலில், குடைகள் வைத்திருக்கும் மேசை மேல் இருக்கிறது. பேனாவும் வைத்திருக்கிறேன்.