மீன் தொட்டியில் நோய்: மருந்துக்கு முன் தண்ணீர்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்க்கிறவர்கள், மீனுக்கு உடம்பு சரியில்லாதபோது எதைப் பார்க்க வேண்டும், எதை முதலில் பார்க்க வேண்டும் என்பதைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். விலங்கியல் ஆசிரியராக இருந்த காலத்திலும் சரி, ஓய்வு பெற்ற பிறகும் சரி, என்னிடம் அதிகமாக வந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "மீன் ஒரு மாதிரியா இருக்குதுங்க, என்ன மருந்து போடலாமுங்க?" அதற்கு நான் எப்போதும் திருப்பிக் கேட்பது, கடைசியாக எப்போது தண்ணீர் மாற்றினீர்கள், எவ்வளவு மாற்றினீர்கள், எந்தக் குழாய்த் தண்ணீரை ஊற்றினீர்கள் என்பதுதான். மருந்தைப் பற்றிக் கேட்டவரிடம் தண்ணீரைப் பற்றிக் கேட்பது சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் நாமக்கல் பக்கத்தில் கோழிப் பண்ணை வைத்திருப்பவர் கோழி சுணங்கினால் முதலில் தண்ணீரையும் தீவனத்தையும் கொட்டகைத் தரையையும்தான் பார்ப்பார். மீனுக்கோ தண்ணீரே கொட்டகை, தண்ணீரே காற்று, தண்ணீரே கழிப்பிடம்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவர் வீட்டுக்கு ஒருமுறை போயிருந்தேன். மூன்றடித் தொட்டி, உள்ளே கோல்டு ஃபிஷ்கள். கண்ணாடியில் ஒரு பாசித் திட்டுக்கூட இல்லை, கூழாங்கற்கள் பளபளத்தன. ஆனால் மீன்கள் எல்லாம் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன, வால் ஓரங்கள் நைந்து சிவந்திருந்தன. வாங்கி விடுகிற மீன்கள் சில வாரங்களில் செத்துவிடுகின்றன, கடைக்காரர் ஒவ்வொரு முறையும் ஒரு நீல மருந்தைக் கொடுக்கிறார், அதையும் தவறாமல் ஊற்றுகிறோம் என்றார்கள். அந்த வீட்டு அம்மிணி சுவரில் தொங்கிய மாத நாள்காட்டியில் பால் கணக்குக் குறித்து வைப்பவர். மீன் செத்த நாள்களையும் அதே நாள்காட்டியில், பால் கணக்குக்குப் பக்கத்தில், சிறிய பெருக்கல் குறியாகப் போட்டு வைத்திருந்தார். நான் அந்தத் தாள்களைப் புரட்டிப் பார்த்தேன். குறிகள் எல்லாம் செவ்வாய், புதன், வியாழன் கட்டங்களிலேயே இருந்தன. வெள்ளி, சனியில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை.

"ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீங்கம்மா?" என்று கேட்டேன். "அன்னைக்குத்தானுங்க சார் தொட்டி கழுவறது. தண்ணி பூராத்தையும் எறச்சிட்டு, கல்லு, ஃபில்டர் ஸ்பாஞ்சு எல்லாத்தையும் போர் தண்ணில அலசி, மாடில வெயில்ல நல்லா காய வெச்சுத்தானுங்க திரும்பப் போடுவோம்," என்றார். நோயின் பெயர் அந்த ஒரு பதிலிலேயே கிடைத்துவிட்டது. அந்த நோய் மீனுக்கு வந்தது அன்று, தொட்டிக்கு வந்தது.

காரணத்தைச் சொல்கிறேன். மீன் தன் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியேற்றுகிறது. தின்னாமல் மிஞ்சிய தீவனமும் கழிவும் அழுகி மேலும் அம்மோனியாவைத் தருகின்றன. அம்மோனியா செவுளை எரிக்கும் நஞ்சு. தொட்டியில் அதைத் தின்று நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் கூழாங்கல்லிலும் ஸ்பாஞ்சிலும் வழவழப்பான படலமாகப் படிந்து வாழ்கின்றன. இந்த வேலையைச் செய்யும் நுண்ணுயிரிகளை 1890-ஆம் ஆண்டையொட்டியே வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் பிரித்தெடுத்துக் காட்டிவிட்டார். புதிய தொட்டியில் அவை போதிய அளவு பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். ஸ்பாஞ்சை வெயிலில் காய வைத்தால் அத்தனையும் செத்துப்போகும். ஆக, அந்த வீட்டுத் தொட்டி ஒவ்வொரு ஞாயிறும் மீண்டும் புதுத் தொட்டியாகிக்கொண்டிருந்தது. திங்களில் அம்மோனியா ஏறத் தொடங்கி, செவ்வாய், புதன், வியாழனில் மீன்களைக் கொன்றது. நீல மருந்து, அதாவது மெத்திலீன் புளூ, தப்பிப் பிழைத்த கொஞ்சநஞ்ச பாக்டீரியாவையும் கொன்றுவிடும். இது நோய்க்கு மருந்தாகாமல் நோயை வளர்த்தது.

புதன்கிழமையன்று, கடைகளில் கிடைக்கும் அம்மோனியா சோதனைப் பெட்டியைக் கொண்டு அந்தத் தண்ணீரைச் சோதித்தோம். சிறு குழாயில் தண்ணீர் எடுத்துச் சொட்டுகளை விட்டால், அம்மோனியா இல்லாத தண்ணீர் மஞ்சளாகவே நிற்கும். அங்கே அடர்ந்த பச்சையாக மாறியது. தீவனத்தை ஓரிரு நாள் நிறுத்தச் சொன்னேன். நாள்தோறும் கால் பங்குத் தண்ணீரை மட்டும் மாற்றினார்கள். ஸ்பாஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே, அழுக்குப் போகும் அளவுக்கு மட்டும் பிழிந்து திரும்பப் போட்டார்கள். மருந்து ஒன்றும் போடவில்லை. சில வாரங்களில் சோதனைக் குழாயில் தண்ணீர் மஞ்சளாகவே நின்றது. நைந்த வால் ஓரங்களில் நிறமில்லாத, ஒளி ஊடுருவும் மெல்லிய விளிம்பு ஒன்று வளர்ந்து வந்ததை அந்த அம்மிணிதான் முதலில் கண்டார். துடுப்பு மீண்டும் வளர்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். நேயர்கள் அதைக் கண்டால் புதிய நோய் என்று பயப்பட வேண்டாம்.

தண்ணீரைப் பற்றி நம் பகுதிக்கே உரிய செய்தி ஒன்று உண்டு. கோவை வட்டாரத்தில் பல வீடுகளில் நல்ல தண்ணீர் ஒரு குழாய், உப்புத் தண்ணீர் ஒரு குழாய். சிறுவாணித் தண்ணீர் மிகவும் மென்மையானது. போர் தண்ணீரோ பெரும்பாலும் கடினத்தன்மையும் காரத்தன்மையும் மிக்கது. மென்மையான தண்ணீர் நிறைந்த தொட்டி, நாள் ஆக ஆக அமிலப் பக்கம் சாயும். அந்த நிலையில் அம்மோனியா அவ்வளவாகத் தீங்கு செய்யாத அம்மோனியமாகவே இருக்கும். தண்ணீர் அமிலமா காரமா என்பதைக் காட்டும் பி.எச். அளவு 7 இருக்கும்போது, 25 டிகிரி வெப்பத்தில், நஞ்சான வடிவம் 100-இல் ஒரு பங்குக்கும் குறைவு; பி.எச். 8-க்கு ஏறினால் அது 5 பங்கைத் தாண்டிவிடும். நல்ல தண்ணீர் வரத் தாமதமான ஒரு வாரத்தில், அழுக்கேறிய பழைய தொட்டியில் பாதியை இறைத்துவிட்டு உப்புத் தண்ணீரை நிரப்பினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்: நேற்று வரை தீங்கில்லாமல் கிடந்தது சில மணி நேரத்தில் நஞ்சாகிறது. ஆகவே எந்தத் தண்ணீரானாலும் எப்போதும் அதையே ஊற்றுங்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் பல நாள்களில் சிறுகச் சிறுக மாற்றுங்கள். குளோரின் கலந்த தண்ணீரை அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் வைத்திருந்து ஊற்றுங்கள். அவசரமென்றால் ஹைப்போ, அதாவது முன்பு போட்டோ ஸ்டூடியோக்களில் பயன்பட்ட அதே சோடியம் தயோசல்ஃபேட், மீன் கடைகளில் கிடைக்கும்.

இனி மீனைப் பார்ப்போம். மருந்துக் குப்பியைத் திறப்பதற்கு முன் அரை மணி நேரம் தொட்டிக்கு எதிரே உட்காருங்கள். முதல் கேள்வி: எல்லா மீன்களும் ஒரே நேரத்தில் சோர்ந்திருக்கின்றனவா, ஒன்று மட்டுமா? எல்லாம் ஒரே நாளில் சோர்ந்தால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். ஒன்று சோர்ந்து, சில நாள் கழித்து இன்னொன்று சோர்ந்தால் தொற்றைச் சந்தேகியுங்கள். ஒன்று மட்டுமே மூலையில் ஒதுங்கி, அதன் துடுப்பு கிழிந்திருந்தால், வேறொரு மீன் அதைத் துரத்திக் கடிக்கிறதா என்று பாருங்கள். காலையில் விளக்குப் போட்டவுடன் சில மீன்கள் நிறம் வெளுத்துத் தெரியும். அது உறக்கம், நோய் அன்று.

எல்லா மீன்களும் மேலே வந்து மூச்சுக்குத் தவித்தால், அம்மோனியா அல்லது நைட்ரைட் ஒரு காரணம், ஆக்சிஜன் குறைவு இன்னொரு காரணம். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். சித்திரை மாதத்தில் ஈரோட்டிலும் கரூரிலும் மாடி வீட்டு அறைகளில் தண்ணீர் 30 டிகிரிக்கு மேல் போவது எளிது. அந்த நேரத்தில் மின்சாரமும் போய் ஏர் மோட்டார் நின்றால் மீன் தாங்காது. கோடைக்கு முன்பே பேட்டரியில் ஓடும் சிறு மோட்டார் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாதவர்கள், மின்சாரம் வரும்வரை ஒரு குவளையால் தொட்டித் தண்ணீரையே மொண்டு உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டிருங்கள்.

அடுத்தது வெண்புள்ளி நோய். உடம்பிலும் துடுப்பிலும் தூள் உப்பின் பரல் அளவில் வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். மீன் கல்லில் உடம்பை உரசும். இதை உண்டாக்குவது 1876-இல் ஃபூக்கே என்ற பிரெஞ்சுக்காரர் விவரித்த ஒருசெல் ஒட்டுண்ணி. புள்ளியாக மீனின் தோலுக்கு அடியில் இருக்கும்வரை எந்த மருந்தும் அதைத் தொடாது. முதிர்ந்ததும் அது மீனை விட்டு விழுந்து, தொட்டியின் அடியில் ஒட்டி, கூடு கட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரியும். அந்தக் குஞ்சுகள் ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பற்றாவிட்டால் செத்துவிடும். மருந்து வேலை செய்வது அவை நீந்திக்கொண்டிருக்கும் அந்தக் குறுகிய காலத்தில் மட்டும்தான். அதனால்தான் மூன்றாம் நாள் புள்ளிகள் மறைந்ததைப் பார்த்து, குணமாகிவிட்டதென்று மருந்தை நிறுத்துகிறவர்கள் அடுத்த வாரம் முன்னிலும் அதிகமான புள்ளிகளைப் பார்க்கிறார்கள். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் குறைந்தது ஒரு வாரம் தொடருங்கள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் இந்தச் சுழற்சி சில நாளில் முடியும். மார்கழிக் குளிரில் வாரக்கணக்கில் இழுக்கும். ஹீட்டர் உள்ளவர்கள் ஒரு நாளைக்கு ஓரிரு டிகிரியாக 30 வரை ஏற்றி, கூடவே காற்றையும் அதிகமாக்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆண் கோல்டு ஃபிஷ்க்கு இனப்பெருக்கக் காலத்தில் செவுள் மூடியிலும், மார்புத் துடுப்பின் முன் கதிரிலும் வெள்ளை முத்துக்கள் வரிசையாகத் தோன்றும். அது நோயே அன்று. புள்ளிகள் அந்த இரண்டு இடங்களில் மட்டும் ஒழுங்காக இருந்து, மீனும் சுறுசுறுப்பாக இருந்தால், மருந்தை எடுக்காதீர்கள்.

வாயைச் சுற்றிப் பஞ்சு ஒட்டினாற்போல இருப்பதை எல்லாரும் பூஞ்சை என்கிறார்கள். பல வேளைகளில் அது காலம்னாரிஸ் என்னும் பாக்டீரியா நோய், பூஞ்சை மருந்துக்கு அடங்காது. உடம்பு ஊதி, செதில்கள் நிமிர்ந்து நின்றால் சிறுநீரகம் பழுதாகியிருக்கலாம். அந்த மீன் பிழைப்பது அரிது. மனிதர்களுக்கான ஆன்டிபயாடிக் கேப்சூலைப் பிரித்துத் தொட்டியில் கொட்டுகிற பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஃபில்டர் பாக்டீரியா சாகும், மருந்துக்கு அடங்காத கிருமி வளரும், தண்ணீர் கடைசியில் சாக்கடைக்குத்தான் போகும்.

நம்மிடம் உள்ள எளிய மருந்து கல் உப்பு. நைட்ரைட் நஞ்சு செவுள் வழியே ஏறாமல் அது தடுக்கும், ஒட்டுண்ணிகளையும் ஓரளவு அடக்கும். அளவு, லிட்டருக்கு 2 கிராம். தொட்டியில் எத்தனை லிட்டர் இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். ஒரு கன அடிக்கு 28 லிட்டர். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி என்றால் 56 லிட்டர். கல்லையும் மேலே விட்ட இடைவெளியையும் கழித்தால் 45 லிட்டர் என்று கொள்ளலாம், 90 கிராம் உப்புப் போதும். அதைக் கரைத்து, ஒரே நாளில் மூன்று பங்காகப் பிரித்து ஊற்றுங்கள். ஆவியாகிக் குறையும் தண்ணீருக்கு ஈடாக ஊற்றும்போது உப்புச் சேர்க்காதீர்கள், ஏனெனில் உப்பு ஆவியாவதில்லை. செடிகள் உள்ள தொட்டியிலும், செதிலில்லாத கெளுத்தி வகைகள் உள்ள தொட்டியிலும் இந்த அளவு வேண்டாம்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். தனித்தொட்டியைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புதிதாக வாங்கிய மீனை 3 அல்லது 4 வாரம் வேறொரு தொட்டியில் வைத்திருந்து, பிறகுதான் பழைய மீன்களோடு விட வேண்டும். அதற்கு 20 லிட்டர் பிளாஸ்டிக் டப்பாவும், பழைய தொட்டியிலிருந்து எடுத்த ஒரு துண்டு ஸ்பாஞ்சும், சிறு மோட்டாரும் போதும். அதற்கென்று தனி வலை வையுங்கள். கடைப் பையிலுள்ள தண்ணீரை எந்தத் தொட்டியிலும் ஊற்றாதீர்கள். கையில் வெட்டோ கீறலோ இருந்தால் தொட்டிக்குள் கைவிடாதீர்கள். மீன்களுக்கு வரும் ஒருவகைக் காசநோய்க் கிருமி நம் தோலிலும் புண்ணாக்கும். விரலிலோ முன்கையிலோ வாரக்கணக்கில் ஆறாத கட்டி இருந்தால், வீட்டில் மீன் தொட்டி இருக்கிறது என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், அவராகக் கேட்கமாட்டார்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.