ஒரு நிறுவனத்தில் சும்மா கிடக்கும் பணத்தை இன்னொன்றுக்கு மாற்றலாமா?

கோத்தகிரியிலிருந்து ஓர் அண்ணன் கேட்டிருக்கிறார்: “எங்கள் குடும்பத்துக்கு மூன்று தொழில்கள். விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூள் தயாரிக்கும் ஆலை ஒன்று, அந்தத் தூளைப் பாக்கெட் போட்டு விற்கும் கம்பெனி ஒன்று. இரண்டும் பிரைவேட் லிமிடெட், இரண்டிலும் நானும் தம்பியும்தான் இயக்குநர்கள், பங்குதாரர்கள். லாரிகள் கூட்டாண்மை நிறுவனத்தில் ஓடுகின்றன. பாக்கெட் கம்பெனியின் நடப்புக் கணக்கில் 40 லட்சம் சும்மா கிடக்கிறது. ஆலையோ வங்கியில் எடுத்த கேஷ் கிரெடிட் கடனுக்கு வட்டி கட்டுகிறது. பணத்தை மாற்றினால் என்ன? ஆடிட்டர் தடுக்கிறார்.”

வட்டி 10 விழுக்காடு என்று வைத்தால், ஆண்டுக்கு 4 லட்சம் வீணாகிறது. உங்கள் எரிச்சல் புரிகிறது. ஆனால் நான் முதலில் கேட்பது வேறு. பாக்கெட் கம்பெனி ஆலையிடம் வாங்கிய தூளுக்குப் பணம் கொடுத்துவிட்டதா?

பெரும்பாலும் கொடுத்திருக்காது. வெளியூர் வியாபாரி பத்து நாள் தாமதித்தால் தினமும் போன் போகும். சொந்தக் கம்பெனியின் ஆறு மாத பாக்கியை யாரும் கேட்பதில்லை. ஆலைக்கு அது தாங்காது. ஒரு கிலோ தூளுக்கு நான்கு கிலோவுக்கு மேல் இலை வேண்டும். இலைப் பணத்தை இழுத்தடித்தால் விவசாயி அடுத்த ஆலைக்குப் போய்விடுவார். தூள் குடோனில் காத்திருந்து, குன்னூர் ஏலத்தில் விற்று, பணம் வந்து சேரும்வரை ஆலை வங்கியை நம்பித்தான் ஓடுகிறது. சகோதர நிறுவனத்திடமிருந்து வரவேண்டிய பாக்கியைப் பல வங்கிகள் எவ்வளவு கடன் தரலாம் என்று போடும் கணக்கில் சேர்ப்பதுமில்லை. ஆக, அந்தப் பாக்கி ஆலைக்குக் கையிலும் இல்லை, வங்கியிலும் இல்லை.

சட்டமும் இந்த இடத்தில் உங்களைத் துரத்துகிறது. தூள் வாங்கிய பில்லுக்கு 180 நாளுக்குள் பணம் தராவிட்டால், அதில் எடுத்த ஜிஎஸ்டி உள்ளீட்டு வரிச் சலுகையை (வாங்கும்போது கட்டிய வரியை, விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொண்டதை) வட்டியோடு திருப்ப வேண்டும். ஆலை உதயம் பதிவு (சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு) பெற்ற குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள்தான் கெடு, ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். அதைத் தாண்டி ஆண்டு முடிவிலும் நிலுவையில் நிற்கும் தொகையை, பாக்கெட் கம்பெனி தன் வருமான வரிக் கணக்கில் பணம் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் கழிக்க முடியும். வாங்குவது சொந்தக் கம்பெனி என்பதற்காக விலக்கு எதுவும் இல்லை.

ஆகவே 40 லட்சத்தில் முதலில் பழைய பில்களைத் தீருங்கள். அது கடன் அல்ல, வாங்கிய சரக்கின் விலை. ஆடிட்டருக்கும் ஆட்சேபம் இருக்காது. பல வீடுகளில் பிரச்சினை இதோடு பாதி தீர்ந்துவிடும். சில வீடுகளில் முழுவதும்.

அதற்குப் பிறகும் பணம் மிஞ்சினால்தான் கடன் பேச்சு. ஒரு கம்பெனி கடன் கொடுப்பதைக் கட்டுப்படுத்தும், 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 185, 186 பிரிவுகள் குறுக்கே வரும். இரண்டு கம்பெனியிலும் அதே இயக்குநர்கள் இருப்பதால் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் தேவைப்படலாம். சில பிரைவேட் கம்பெனிகளுக்கு 185இலிருந்து விலக்கு உண்டு, அது உங்களுக்குப் பொருந்துமா என்று ஆடிட்டர் பார்க்கட்டும். வட்டி வாங்கியே ஆக வேண்டும். அரசுக் கடன் பத்திரங்களின் வருவாய் விகிதத்துக்குக் கீழே போகக் கூடாது. இதைவிட வருமான வரியில்தான் ஆபத்து அதிகம். கொடுக்கும் கம்பெனியில் 10 விழுக்காட்டுக்குக் குறையாத வாக்குரிமை உள்ள ஒருவருக்கு, வாங்கும் கம்பெனியில் 20 விழுக்காட்டுக்குக் குறையாத பங்கு இருந்தால், அந்தக் கடனையே ஈவுத்தொகையாகக் கருதி வரி கேட்க முடியும். உங்கள் இருவருக்கும் இரண்டு பக்கமும் பங்கு இருக்கிறதே, ஆடிட்டர் பயப்படுவது இதற்குத்தான். சரக்குக்கான உண்மையான முன்பணம் இதில் சிக்காது என்று மத்திய நேரடி வரி வாரியம் 2017இல் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. பனிக்காலத்தில் இலை குறையும்போது, வரப்போகும் தூளுக்கு ஆர்டர் போட்டு முன்பணம் கொடுக்கலாம். ஆனால் தூள் வர வேண்டும், பில் வர வேண்டும்.

லாரி பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஆலையின் கேஷ் கிரெடிட்டிலிருந்து எடுத்து லாரிக்கு முன்தொகை கட்டாதீர்கள். நடைமுறை மூலதனத்துக்கு (அன்றாடத் தொழில் செலவுக்கு) வங்கி தந்த பணத்தைக் குழுமத்தின் வேறு நிறுவனத்துக்குத் திருப்புவதை ரிசர்வ் வங்கி நிதித் திசைதிருப்பல் என்றே வகைப்படுத்துகிறது. லாரிக்குத் தனியாக வாகனக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள்.