பெட்ரோல் பம்ப் ஒழுகுதா? பழைய பென்ஸ் 230ஈ-ல மாத்துற முறை

[காட்சி: கார் ஸ்டாண்ட் மேல. வலது பின் சக்கரத்துக்கு முன்னாடி, கவர் கழட்டின பம்ப்.]

கார்புரேட்டர் வண்டி பம்ப்ல கால் பார் அளவுக்குத்தான் பிரஷர். இந்த 230ஈ, அதாவது டபிள்யூ 124 மாடல்ல இருக்கிறது பாஷ் கேஇ-ஜெட்ரானிக்ங்கிற பெட்ரோல் இன்ஜெக்‌ஷன்; அதுல 5 பாருக்கு மேல. இன்ஜின் நின்ன பிறகும் பெட்ரோல் லைன்ல இருக்கிற அக்குமுலேட்டர்ங்கிற டப்பா அந்தப் பிரஷரைப் பிடிச்சு வெச்சிருக்கும். அதனால வாஷர் ஓரத்துல சின்னக் கசிவுன்னாலும் சொட்டாது, பீய்ச்சும்.

பம்ப் வாங்க ஓடாதீங்க. முதல்ல எங்க ஒழுகுதுன்னு பாருங்க.

[காட்சி: டார்ச் வெளிச்சத்துல பம்ப், கிட்டத்துல.]

ரோட்டுப் புழுதி படிஞ்ச பம்ப் மேல பெட்ரோல் ஓடின தடம் மட்டும் கழுவின மாதிரி பளிச்னு தெரியும். அதோட மேல் நுனிதான் ஒழுகுற இடம். வண்டி சும்மா நின்னாலும் சொட்டுதா? டேங்க்ல இருந்து வர்ற ரப்பர் ஹோஸ். ஓடும்போது மட்டும்னா பிரஷர் பக்கத்துல பேஞ்சோ போல்ட்டோட (பைப் முனை வளையத்தைப் பிடிக்கிற, உள்ள ஓட்டை உள்ள போல்ட்) செம்பு வாஷர், இல்லன்னா செக் வால்வ் (பெட்ரோல் திரும்பி வராம தடுக்கிறது). பம்போட மடிப்பு விளிம்புலயோ, வயர் மாட்டுற இடத்துலயோ கசிஞ்சாதான் பம்ப் மாத்தணும். அங்க எம்-சீல் பூசுறதெல்லாம் வீண் வேலை.

ஹோஸ் இன்னும் பழைய சரக்குன்னா அதையும் சேர்த்தே மாத்துங்க. இப்போ பங்க்ல ஊத்துறது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் அதுல ஊறி வெடிப்பு விடும். ஜே30 ஆர்9 தர ஹோஸ் கேட்டு வாங்குங்க. செம்பு வாஷர் வேலூர்லயே டீசல் பம்ப் சர்வீஸ் கடையில கிடைக்கும், பழசை சாம்பிளுக்கு எடுத்துட்டுப் போங்க. பம்புக்கு சென்னை ஜி.பி. ரோடு. செக் வால்வ் பெட்டிக்குள்ள இருக்கான்னு திறந்து பார்த்துட்டு காசு கொடுங்க.

வேலூர் வெயில்ல மத்தியானம் இந்த வேலை வேண்டாம். விடியக்காலைல, திறந்த இடத்துல. டேங்க்ல கால்வாசிக்குக் கீழ பெட்ரோல் இருக்கணும். குண்டு பல்ப் விளக்கு கிட்டயே வரக்கூடாது. அது உடைஞ்சாலே தீதான். பவுடர் தீயணைப்பான் கை எட்டுற தூரத்துல இருக்கட்டும்.

பம்ப் ரிலேவை (பம்புக்குக் கரண்ட் விடுற ஸ்விட்ச்) உருவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க, இன்ஜின் தானா நிக்கும். பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்க. டேங்க் ஹோஸை கிளாம்ப் போட்டு நெரிங்க. டேங்க் மேல இருக்கு, விட்டா மொத்தமும் கொட்டிடும். மிச்சப் பிரஷருக்காக பேஞ்சோ போல்ட்டைத் துணி சுத்தி மெதுவா தளர்த்துங்க.

[காட்சி: ரெண்டு ஸ்பேனர், எதிரெதிரா.]

இங்கதான் பல பேர் கெடுக்கிறாங்க. ஒரு ஸ்பேனரால செக் வால்வைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொண்ணால போல்ட்டைத் திருப்பணும். ஒத்த ஸ்பேனர்ல திருப்பினா வால்வும் கூடவே சுத்தி, பைப் முறுக்கிக்கும். மாட்டும்போதும் இதேதான். பேஞ்சோ வளையத்துக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு வாஷர், ரெண்டும் புதுசு. பழசு ஒரு தடவை நசுங்கிட்டது, திரும்ப உட்காராது.

பிளஸ், மைனஸ் வயரைக் கழட்டுறப்பவே குறிச்சு வைங்க. மாத்திக் கொடுத்தா பம்ப் சுத்தும், பிரஷர் வராது. பம்பைச் சுத்தி இருக்கிற உறையை விட்டுடாதீங்க. இல்லன்னா இரும்புல பட்டு உள்ள வரைக்கும் ரீங்காரம் கேட்கும்.

பேட்டரியை மாட்டிட்டு, வயரிங் படம் பார்த்து ரிலே சாக்கெட்ல ஃப்யூஸ் வெச்ச வயரால பம்பை 30 விநாடி ஓட விடுங்க. ஜாயின்ட் ஒவ்வொண்ணுலயும் காய்ஞ்ச டிஷ்யூ பேப்பரை ஒத்திப் பாருங்க. அப்புறம் ரிட்டர்ன் லைனை (டேங்குக்குத் திரும்புற பைப்) கேன்ல விட்டா 40 விநாடிக்குள்ள 1 லிட்டர் விழணும். குறைஞ்சா பம்பைத் திட்டாதீங்க; ஃபில்டரையும், பம்ப் ஓடுறப்போ அங்க வர்ற வோல்டேஜையும் பாருங்க.

ராணிப்பேட்டை வரைக்கும் ஓட்டிட்டு வந்து, சூடா இருக்கும்போதே இன்னொரு தடவை டிஷ்யூ வெச்சுப் பாருங்க. கவரை அதுக்கப்புறம் மூடினா போதும்.