கண்ணாடி யாருக்குக் கிடைக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

உலகத்தில் கண் சிகிச்சை யாருக்குக் கிடைக்கிறது, யாருக்கு எட்டாமல் போகிறது என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். கண் பரிசோதனை முகாம்களிலேயே வேலைக்காலத்தைக் கழித்தவன் நான். அதனால் பெரிய ஆபரேஷன்களை விட்டுவிட்டு, ஒரு சின்னப் பொருளைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். வெள்ளெழுத்துக் கண்ணாடி.

கேட்டுக்கொண்டிருப்பவர்களில் நாற்பது தாண்டியவர்கள் இருப்பீர்கள். மாத்திரை அட்டையில் தேதி பார்க்கக் கையை நீட்டி நீட்டிப் பிடிக்கிறீர்களா? ஊசியில் நூல் கோர்க்கப் பேத்தியைக் கூப்பிடுகிறீர்களா? அதேதான். கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் சின்ன வயதில் இளம் நுங்கு மாதிரி வளைந்து கொடுக்கும். வயது ஏற ஏற முற்றி இறுகிவிடும், பக்கத்தில் இருப்பது மங்கும். படம் போட்டுக் காட்ட வானொலியில் வழியில்லை, இவ்வளவு தெரிந்தால் போதும். இது நோய் இல்லை. லண்டனில் இருப்பவருக்கும் வரும், லாகோஸில் இருப்பவருக்கும் வரும், நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரத்தில் இருப்பவருக்கும் வரும்.

வருவதில் வித்தியாசம் இல்லை. கண்ணாடி கிடைப்பதில்தான் வித்தியாசம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, வட அமெரிக்கா, மேற்கு ஐரோப்பா போன்ற வசதியான பகுதிகளில் இந்தக் குறை சரிசெய்யப்படாமல் இருப்பது 10 சதவீதத்துக்கும் கீழே. ஆப்பிரிக்காவின் மேற்கிலும் கிழக்கிலும் நடுவிலும் அதுவே 80 சதவீதத்துக்கு மேல். கண் டாக்டர்கள் விஷயமும் அப்படித்தான். பணக்கார நாடுகளில் 10 லட்சம் பேருக்குச் சராசரியாக 76 கண் டாக்டர்கள். ஏழை நாடுகளில் நான்கு பேர்கூடத் தேறாது.

இது எங்கோ ஆப்பிரிக்காவில் நடக்கிற கதை என்று நினைத்துவிடாதீர்கள். நம்ம மாவட்டத்து அண்டி ஆபீஸ் ஒன்றில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில், பருப்புத் தோல் உரிக்கிற ஒரு அம்மா. ஐம்பதை ஒட்டிய வயது. சின்னக் கத்தியால் அந்தச் செந்தோலைச் சுரண்டி எடுக்க வேண்டும், பருப்பு உடையக் கூடாது. முழுப்பருப்புக்கு ஒரு விலை, உடைந்ததற்கு வேறு விலை. அவர்களுக்கோ உடைசல் கூடிக்கொண்டே போனது. முன்பு ஒரு முகாமுக்குப் போயிருக்கிறார்கள். அங்கே, "படிக்கத் தெரியுமா?" என்று கேட்டிருக்கிறார்கள். "தெரியாது" என்றிருக்கிறார். தூரப்பார்வை சரியாக இருக்கிறது, கண்புரையும் இல்லை, போகலாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

என்னிடம் வந்தபோதும் அதையேதான் சொன்னார்கள். "எனக்கு எதுக்கு சாரே கண்ணாடி? நான் என்ன பேப்பரா வாசிக்கேன்?"

நான் எழுத்து அட்டையை எடுக்கவே இல்லை. பிளஸ் ரெண்டு பவர் கண்ணாடியை மாட்டிவிட்டு, "உங்க கையைப் பாருங்கம்மா" என்றேன். இடது கைப் பெருவிரலைக் கண்ணுக்கு நேரே கொண்டுவந்தார்கள். திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கத்தி பட்ட கீறல்கள், காய்ந்ததும் புதுசுமாக, நகத்தடி வரைக்கும். "இம்புட்டு வெட்டா கெடக்கு?" என்றார்கள். வலித்திருக்கிறது, ஆனால் கண்ணால் பார்த்ததில்லை. கூட வந்த மருமகளைக் கூப்பிட்டு அவளுக்கும் காட்டினார்கள்.

அந்த முகாமில் கேட்ட கேள்வி தப்பு என்று இன்றைக்கும் சொல்லுவேன். "படிக்கத் தெரியுமா?" என்று கேட்கக் கூடாது. "என்ன வேலை செய்யறீங்க?" என்று கேட்க வேண்டும். தோவாளையில் பூக்கட்டுகிறவருக்குக் கிட்டத்தில் பார்வை வேண்டாமா? குளச்சலிலும் முட்டத்திலும் கிழிந்த வலையைப் பொத்துகிறவருக்கு? ரப்பர் மரத்தில் விடியும் முன்னே தலையில் விளக்குக் கட்டிப் பால் வெட்டுகிறவர் பட்டையில் ஒரு மயிரிழை ஆழமாகப் போட்டால் மரம் புண்ணாகிவிடும். அரிசியில் கல் பொறுக்குவது, மீனில் முள் எடுப்பது, பிள்ளை தலையில் பேன் பார்ப்பது. எழுத்தறியாதவர்களுக்குத்தான் கைவேலை அதிகம், கைவேலைக்குத்தான் இந்தக் கண்ணாடி அதிகம் வேண்டும். படிப்பைக் கேட்டுக் கண்ணாடி கொடுத்தால் முதலில் விடுபடுவது யார்? பெண்கள். உலகம் முழுவதும் பார்வையிழந்தவர்களில் பெண்கள் அதிகம் என்பதையும் இதோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

இது என் ஆதங்கம் மட்டும் இல்லை. அசாமில் தேயிலை பறிக்கிறவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள், 2018இல் வெளிவந்தது. எல்லாரும் 40 வயதைத் தாண்டியவர்கள். பாதிப்பேருக்கு உடனே கண்ணாடி, மற்றவர்களுக்கு ஆய்வு முடிந்த பிறகு. கண்ணாடி போட்டவர்கள் பறித்த அளவு, போடாதவர்களைவிட ஏறக்குறைய 22 சதவீதம் கூடியது. ஐம்பது தாண்டியவர்களிடம் இன்னும் அதிகம். பங்களாதேஷ் கிராமங்களில் நடந்த ஆய்வு 2024இல் வந்தது. அங்கே கண்ணாடி போட்டவர்களின் மாத வருமானம் மூன்றில் ஒரு பங்கு உயர்ந்தது. அதுவும் எதனால்? கடையில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிற பொருளால். நம்ம ஊரிலும் பலருக்கு அந்த விலை பெரிதில்லை. பேச்சிப்பாறைக்கு மேலே காணிப் பழங்குடியினரின் குடியிருப்பிலிருந்து இறங்கி வந்து, ஒருநாள் கூலியை விட்டு, பஸ்ஸுக்குக் காத்திருந்து பரிசோதித்துப் போவதுதான் பெரிது. அதனால் பரிசோதனை அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும்.

கண் சிகிச்சையின் விலையைக் குறைக்கவும் முடியும், அதற்கு நம்ம பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரசு வேலையில் ஓய்வு பெற்றபின், 1976இல் மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். புரை எடுத்த கண்ணில் வைக்கிற லென்ஸ் அப்போதெல்லாம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், ஏழைக்குக் கட்டாது. 1992இல் ஆரோலேப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கி அதை இங்கேயே, மிகக் குறைந்த விலையில் செய்தார்கள். இன்று வெளிநாடுகளுக்கும் போகிறது. இதைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்லக் குறித்து வைத்திருந்தேன்...

நேரம் முடிகிறது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளின் பார்வையைப் பற்றிப் பேச நினைத்ததை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு மட்டும் ஒன்று. பார்வை நன்றாகத் தெரிந்தாலும் வருஷத்துக்கு ஒருமுறை சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பரிசோதியுங்கள். மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், மங்கும். வண்டி ஓட்டிப் போகாதீர்கள், கூட ஒருத்தரை அழைத்துப் போங்கள். நன்றி, வணக்கம்.