மஞ்சள் ரேஞ்சருக்கு ஏன் பாவாடை இல்லை?

அடுத்த கேள்விக்கு வருகிறேன். "மைட்டி மார்ஃபின் பவர் ரேஞ்சர்ஸ் தொடரில் இளஞ்சிவப்பு ரேஞ்சரின் உடையில் குட்டைப் பாவாடை இருக்கிறது. மஞ்சள் ரேஞ்சரும் பெண்தானே, அவருக்கு மட்டும் ஏன் இல்லை?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார். நல்ல கண் உங்களுக்கு. (பவர் ரேஞ்சர்ஸ் என்பது வண்ண உடையும் தலைக்கவசமும் அணிந்து தீயவர்களோடு சண்டையிடும் இளைஞர்களைப் பற்றிய அமெரிக்கத் தொடர்.)

அந்த உடை ஓர் ஆணுக்காகத் தைக்கப்பட்டது, விஷயம் அவ்வளவுதான். சண்டைக் காட்சிகளில் பெரும்பகுதி, 1992இல் ஜப்பானில் டோயி நிறுவனம் எடுத்த ‘ஜூரேஞ்சர்’ தொடரிலிருந்து வந்தவை. அதில் மஞ்சள் உடை அணிபவன் ‘போய்’ (Boi) என்ற இளைஞன். அமெரிக்கத் தயாரிப்பாளர் ஹைம் சபானின் நிறுவனம் அந்தக் காட்சிகளை வாங்கி, ஜப்பானிய நடிகர்களின் முகம் தெரியும் பகுதிகளை நீக்கிவிட்டு, அமெரிக்க இளைஞர்களை வைத்துப் புதிதாகப் படம்பிடித்து இடையில் ஒட்டியது. 1993 ஆகஸ்டில் ஒளிபரப்பு தொடங்கியபோது ‘போய்’ பாத்திரத்தின் இடத்தில் துய் டிராங் நடித்த டிரினி வந்துவிட்டாள். கதையை மாற்றலாம், ஏற்கெனவே படமாகிவிட்ட உடையை எப்படி மாற்றுவது?

இந்த ஒட்டுவேலை நடந்ததற்குத் தலைக்கவசம்தான் காரணம். வாய் தெரியாததால் எந்த மொழியிலும் குரல் கொடுக்கலாம். கவசத்துக்குள் இருப்பவர் பேசும்போதெல்லாம் தலையை ஆட்டுவார், கையை வீசுவார், கவனித்திருப்பீர்கள். யார் பேசுகிறார் என்று நமக்குத் தெரிய வேண்டுமே! தொடரின் வில்லியான ரீட்டாவுக்கு அந்த வசதி இல்லை. முதல் பருவத்தில் நாம் பார்ப்பது ஜப்பானிய நடிகை மச்சிகோ சோகாவின் முகம், கேட்பது பார்பரா குட்சனின் ஆங்கிலக் குரல். உதடு ஒரு பக்கம் போகும், வசனம் இன்னொரு பக்கம் போகும். எனக்கென்னவோ அந்தப் பொருந்தாமைதான் ரீட்டாவை இன்னும் பயங்கரமாக்கியது என்று தோன்றும்.

பச்சை ரேஞ்சர் கதையையும் இதோடு சொல்லிவிடுகிறேன். ஜப்பானியத் தொடரில் அந்த உடைக்குரிய புராய் இறந்துவிடுகிறான். அமெரிக்காவிலோ பச்சை ரேஞ்சராக வந்த டாமியைக் குழந்தைகளுக்கு அவ்வளவு பிடித்துப்போனது. அதனால் டாமி பச்சை சக்தியை மட்டும் இழந்தான், பிறகு வெள்ளை ரேஞ்சராகத் திரும்பினான். அந்த வெள்ளை உடை ஜூரேஞ்சரில் இல்லவே இல்லை. அடுத்து வந்த ‘டைரேஞ்சர்’ என்ற ஜப்பானியத் தொடரிலிருந்து எடுத்தது. அங்கே வெள்ளை உடைக்காரனின் கூட்டாளிகளுடைய உடைகளே வேறு. ஆகவே வெள்ளை ரேஞ்சர் நம் பழைய ரேஞ்சர்களோடு வரிசையாக நிற்கிறான் என்றால், அந்தக் காட்சி டைரேஞ்சரிலிருந்து வந்திருக்க முடியாது, தனியாக எடுத்ததுதான்.

இன்னொன்று: டைரேஞ்சரில் அந்த வெள்ளை உடைக்கு உரியவன் கோ என்ற சிறுவன். உருமாறியதும் பெரியவர்கள் உயரத்துக்கு வளர்ந்துவிடுவான். டாமி வாட்டசாட்டமாக வந்து நிற்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.