மணிக்கூண்டுக்குள்ள மெஷின் ஓடட்டுமுங்க

நடுவர் அய்யா அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், வேலைவெட்டி முடிச்சு வந்து உக்காந்திருக்கற உங்க அத்தனை பேருக்கும் வணக்கமுங்க.

போர் நினைவு மணிக்கூண்டைக் காக்கறதுன்னா பழைய மெஷினை ஓட்டறதா, கோபுரத்தை மட்டும் வச்சுக்கிட்டு உள்ள புதுக் கருவி மாட்டறதா? இதுதான் தலைப்பு. "கல்வெட்டு இருக்குது, கோபுரம் இருக்குது, உள்ள குவார்ட்ஸ் மோட்டார் ஓடுனா யாருக்குத் தெரியப்போவுது?"ன்னு கேட்டுக் கைதட்டு வாங்கிட்டு எதிரணிக்காரர் உக்காந்துட்டாரு.

கல்வெட்டுக்கே வர்றேனுங்க. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டுல இங்கிலீஷ்ல எழுதியிருக்குது: இந்த ஊர்லருந்து 277 பேர் 1914–18 பெரும்போருக்குப் போனாங்க, அதுல 14 பேர் உயிரை விட்டாங்க. அந்த வாசகத்துல ஒருத்தர் பேரும் இல்லீங்க, வெறும் கணக்கு. லண்டன்ல ஸ்டாக்வெல்ல 1922லயும், கோல்டர்ஸ் கிரீன்ல 1923லயும் திறந்த போர் நினைவுச் சின்னங்களே மணிக்கூண்டுதான். சும்மா ஒரு கல்லை நட்டுட்டுப் போயிருக்கலாமே! கல்லை ஒருக்கா பாப்போம். மணியை நாளைக்குப் பத்துத் தடவை அண்ணாந்து பாப்போம். அது நின்னு போச்சுன்னா யாரும் அண்ணாந்து பாக்கறதில்லீங்க. கோயமுத்தூர்லயும் ஈரோட்டுலயும் மணிக்கூண்டுங்கறது இன்னைக்கு பஸ்ஸை விட்டு எறங்கற எடத்தோட பேரு.

சரி, பழைய மெஷின் நேரம் தப்புதுன்னாங்க. எதனால தப்புதுன்னு சொல்லலையே? பெண்டுலத் தண்டு இரும்பா இருந்தா, சூடு 10 டிகிரி ஏறுனா தண்டு நீண்டு நாளைக்கு அஞ்சு நொடி பின்தங்கும். மார்கழி விடியக்காலைக்கும் சித்திரை மத்தியானத்துக்கும் நம்மூர்ல அவ்வளவு வித்தியாசம் சாதாரணம். வைத்தியம் என்ன? தண்டு நுனியில தொங்கற குண்டுக்கு அடியில இருக்கற நட்டைத் திருகி குண்டை ஏத்தணும். ஒரு மீட்டர் பெண்டுலத்துல ஒரு மில்லிமீட்டர் ஏத்துனா நாளைக்கு 43 நொடி வேகம் கூடும். அதனால நட்டை மயிரிழைதான் தொடணும். முழுச் சுத்து சுத்திட்டு "மெஷின் சரியில்லை"ன்னா மெஷின் என்னங்க பண்ணும்?

அடிக்கடி நிக்குதுன்னாங்க. பாதி நேரம் ஆயில்தான் காரணமுங்க, அதுவும் அதிகமா விட்டதுனால. அச்சு முனைகளுக்கு ஒவ்வொரு சொட்டு போதும். பல்சக்கரத்துப் பல்லுல ஆயிலே படக்கூடாது. நம்மூர்க் காத்துல பஞ்சுத் தூசி பறக்குது. அது ஆயில்ல ஒட்டி, வெண்கலப் பல்லு மேல உப்புத்தாள் மாதிரி உக்காந்துக்கும். பெருங்காயம் மாதிரி கெட்டியாயிடும். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, தொடச்சு, மறுபடி ஒரு சொட்டு. அச்சு முனை உக்காந்து சுத்தற புஷ் தேஞ்சுபோனா என்ன பண்றது? கோயமுத்தூர்ல லேத் பட்டறைக்குக் கொண்டு போனா கன்மெட்டல்ங்கற வெண்கலத்துல கடைஞ்சு குடுப்பாங்க.

அடுத்தது, மூணு மணிக்கு அஞ்சு அடிக்குதுன்னு சிரிச்சீங்க. எத்தனை அடின்னு ஓரத்துல வெட்டு போட்டிருக்கற எண்ணிக்கைச் சக்கரம் வச்ச மெஷினுக்கு மணி என்னன்னு தெரியாதுங்க. அடுத்த வெட்டு எதுன்னு மட்டுந்தான் தெரியும். ஒவ்வொரு மணிக்கும் நிறுத்தி அடிக்க விடாம முள்ளை யாரோ வேகமாத் தள்ளியிருப்பாங்க. அடிக்கற லிவரைக் கையில தூக்கித் தூக்கி விட்டு, எண்ணிக்கை சேர்ற வரைக்கும் அடிக்க விட்டாப் போதும், அஞ்சு நிமிஷ வேலை.

குவார்ட்ஸ் மோட்டார் லேசு, எல்லா மோட்டாரையும் சேத்து நடத்தற மாஸ்டர் கன்ட்ரோலர் வச்சா கரண்ட் போய் வந்தாலும் தானா நேரத்தைத் திருத்திக்கும். ஒத்துக்கறேனுங்க. ஆனா நாலு டயலுக்கு நாலு மோட்டார். ஒண்ணுல பல்லு உடைஞ்சா கிழக்க ஒரு மணி, மேக்க ஒரு மணி. பழைய மெஷின்ல நடுவுல ஒரே தண்டு, நாலு முகத்துக்கும் அதுதான் ஓட்டம். மோட்டாரை நடத்தற சர்க்யூட் கார்டு எரிஞ்சா, அந்த மாடல் இன்னும் கடையில கிடைச்சாத்தான் உண்டு. லேத்துல கடைய முடியாதே!

சாவி குடுக்க ஆளெங்கன்னாங்க. நாளைக்கு 156 அடி அடிக்கற மெஷினுக்கு, பெரும்பாலும் வாரத்துக்கொருக்காதான் சாவி. அதுக்கும் ஆளில்லைன்னா கயித்துல தொங்கி மெஷினை ஓட்டற எடையை மேல இழுக்க மட்டும் ஒரு சின்ன மோட்டார் வைங்க, எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. எடை மேல வந்ததும் மோட்டாரை நிறுத்தற லிமிட் ஸ்விட்ச் மறந்துறாதீங்க. எடை உச்சிக் கப்பியில போய் முட்டினா கம்பிக் கயிறு அறுந்து, எடை தரைக்குத்தான் வரும். அதுக்குத்தான் கீழ மணல் பெட்டி வைக்கறது.

கட்டடத்தைக் காப்பாத்தறோம்னு சொன்னவங்க சுண்ணாம்புச் சுவத்து மேல சிமென்ட் பூசறதை நிறுத்துங்க மொதல்ல. உள்ள இருக்கற ஈரம் வெளிய வர வழியில்லாம உப்புப் பூத்து, செங்கல் மாவாக் கொட்டுது. கல்வெட்டை ஆசிட் போட்டுக் கழுவறதும் அப்படித்தான், எழுத்தே போயிருமுங்க.

நடுவர் அய்யா மணி அடிச்சுட்டாரு. இன்னும் ரெண்டு நிமிஷம் கேக்கலாம்னா, அவரோடதுக்குக் கையில தூக்கற லிவர் இல்லீங்களே!